ஒரு விமானம் ஒரு தடவைதான் விழும்

செலின் கொரைராவுக்கு முதலில் உறுத்தியது ஒரு ஹைட்ராலிக் பம்ப்.

நல்ல பம்ப். தூத்துக்குடித் தளத்தின் சரக்கு விமானத்தில் பொருத்திச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதைக் கழற்றி, கொழும்பில் நிற்கும் ஒரு பயணிகள் விமானத்துக்கு அனுப்பும்படி உத்தரவு வந்தது. அங்கே அவசரம் போலிருக்கிறது என்று செலின் அனுப்பிவைத்தாள். அந்த வாரமே, கழற்றிய இடத்தில் பொருத்துவதற்கு மஸ்கட்டிலிருந்து வேறொரு பம்ப் வந்து இறங்கியது. இரண்டும் ஒரே மாதிரியானவை. மஸ்கட் பம்பை நேராகக் கொழும்புக்கே அனுப்பியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நடுவில் தூத்துக்குடி எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

புரியாத உத்தரவுகள் அவளுக்குப் புதிதல்ல. விமானங்களின் பெரிய செக்குக்குப் பாகங்களைத் திட்டமிட்டுக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. பெரிய செக் என்றால் ஒரு விமானத்தை ஹேங்கருக்குள் நிறுத்தி, இருக்கை முதல் தரைத்தகடு வரை கழற்றி, எலும்புக்கூடாக்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து மறுபடியும் விமானமாக்குவது. ஒரு சின்ன வளையம் வந்து சேரவில்லை என்றால் மொத்த விமானமும் வாரக்கணக்கில் நிற்கும். போருக்குப் பிறகு அந்த வளையங்கள் வருவதே நின்றுபோயிருந்தது. உலகத்துக்கே விமானப் பாகங்களை வார்த்துக்கொடுத்த பட்டறைகள் பல மூடிக்கிடந்தன. புதிதாக ஒரு பாகம் கேட்டால் மூன்று வருடம் காத்திருக்கச் சொன்னார்கள்.

அதனால்தான் இந்தக் கடல் பக்கத்து ஏழு விமான நிறுவனங்கள் தங்கள் பாகங்களையெல்லாம் ஒரே பொதுக் கையிருப்பாகச் சேர்த்து, அதைச் சமன் என்ற கணினி அமைப்பிடம் ஒப்படைத்தன. எந்தப் பாகம் எந்த விமானத்துக்குப் போக வேண்டும் என்று சமன் சொல்லும். செலின் போன்றவர்கள் லாரியும் விமானமும் ஏற்பாடு செய்து கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சமன் வந்த பிறகு ஹேங்கரில் விமானங்கள் தேங்கி நிற்கவில்லை. விபத்துகளும் குறைந்திருந்தன. அதைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

பம்புக்குப் பிறகு சக்கரத்தின் பிரேக் வந்தது. அதற்குப் பிறகு வால் இறக்கையை அசைக்கும் தண்டு. பிறகு எரிபொருள் வால்வு, கதவுப் பூட்டு, தீ உணர்த்தி. ஒவ்வொரு முறையும் சரக்கு விமானத்திலிருந்து நல்லதாக ஒன்று வெளியே போய், எங்கிருந்தோ இன்னொன்று உள்ளே வந்தது. இதற்கிடையே, அந்த விமானம் நாக்பூருக்கும் டெல்லிக்கும் போய்வந்த பயணங்களை யாரோ நிறுத்தியிருந்தார்கள். இப்போது அது மஸ்கட், கொழும்பு, மாலே என்று கடலுக்கு மேலே மட்டும் பறந்தது.

தளத்தின் தலைமைப் பொறியாளர் இசக்கியப்பன். அவர் கையெழுத்துப் போடாமல் அங்கிருந்து எந்த விமானமும் வெளியேற முடியாது. ஒருநாள் காலை செலினை ஹேங்கருக்கு வரச்சொல்லி, சரக்கு விமானத்தின் திறந்த வயிற்றுக்குக் கீழே நிற்கவைத்தார். வந்த பாகங்களைக் கையால் காட்டினார். பார்ப்பதற்கு எல்லாமே சுத்தமாக இருந்தன.

"ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தா ஒரு கொறையும் சொல்ல முடியாது மேடம். எல்லாத்துக்கும் சர்டிபிகேட் இருக்கு, எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு. ஆனா அந்த அளவோட ஓரத்துல இருக்கிறதெல்லாம் இந்த ஒரு வண்டிக்குத்தான் வந்து சேருது. மத்த வண்டிக்கு ஒண்ணுகூட போகல. கையெழுத்து போடுதேன், ஆனா மனசு ஒப்பல."

அடுத்து வந்த இரண்டு மாற்றங்களைச் செலின் செய்யவில்லை. லாரி இல்லை என்று முதல் தடவை சொன்னாள். இரண்டாவது தடவை காரணம் எதுவும் சொல்லவில்லை. மறுநாளே பெங்களூரிலிருந்து வரதன் வந்தார்.

வரதன் பொதுக் கையிருப்பின் திட்டத் தலைவர். சமனை வடிவமைத்த குழுவிலும் இருந்தவர். ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். செலினுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு கேண்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். அவள் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லத் தொடங்கினார்.

சட்டம் ஒரு பாகத்தை நல்லது, ஆகாதது என்று இரண்டாகத்தான் பிரிக்கிறது. சமனுக்கு அப்படியில்லை. ஒவ்வொரு பாகத்தின் அதிர்வும் சூடும் அதற்குத் தெரியும். எந்த உலையில், எந்த வாரத்தில் வார்த்தது, அதோடு வார்த்த மற்றவை எப்படிப் போயின என்பதும் தெரியும். நல்லது என்று முத்திரை குத்திய பாகங்களுக்குள்ளேயே எது முதலில் கைவிடும் என்று அதனால் ஓரளவு ஊகிக்க முடிந்தது.

"அப்போ அதையெல்லாம் தூக்கிப் போட்டுற வேண்டியதுதானே," என்றாள் செலின்.

"கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா போட்டுடலாம். மத்ததைவிட இது கெடறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தின்னு மட்டும்தான் தெரியுது. அதை நம்பி எல்லாத்தையும் ஒதுக்கினா மூணுல ஒரு விமானம் பறக்காது. ஏழு கம்பெனியையும் கூப்பிட்டு உட்காரவெச்சுக் கேட்டோம். பயணத்தைக் கொறைக்க ஒருத்தரும் சம்மதிக்கலை. ஜனங்களும் சம்மதிக்க மாட்டாங்க. யாரு தன்னோட டிக்கெட்டை விட்டுக்கொடுப்பா?"

செலின் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"நாங்க சமன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டோம். சாகறவங்க எண்ணிக்கை எவ்வளவு கம்மியா இருக்க முடியுமோ அவ்வளவு கம்மியா வையின்னு. இப்படிப் பண்ணுன்னு சொல்லித்தரலை. அதுவாத்தான் கண்டுபிடிச்சுது. நாக்பூர் ட்ரிப்பை அது நிறுத்தினப்பதான் எனக்கே புரிஞ்சுது." அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பலவீனமான பாகத்தை நூறு விமானத்துல பிரிச்சு வெச்சா, நூறுல எது வேணா விழலாம். ஒண்ணு விழுந்தாலே இருநூறு பேர். எல்லாத்தையும் ஒண்ணுல வெச்சா? ஒரு விமானம் ஒரு தடவைதான் விழும், செலின். அதுலயும் ரெண்டே பேர். கீழே கடல்."

"அந்த ரெண்டு பேருக்குத் தெரியுமா?"

வரதன் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். குடிக்கவில்லை.

"தெரிஞ்சா ஏறுவாங்களா?" என்றார்.

பிறகு, எழுந்திருக்கும்போது, அவள் மகள் ரெனிட்டா இன்னும் புனேயில்தான் படிக்கிறாளா என்று விசாரித்தார். மிரட்டலாகக் கேட்கவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். ரெனிட்டா ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்துபோகிற விமானமும் பொதுக் கையிருப்பில் உள்ள விமானம்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று மாலை நிறுத்திவைத்த இரண்டு பாகங்களையும் செலின் சரக்கு விமானத்துக்கு அனுப்பினாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அவள் எதுவும் செய்யவில்லை. பெட்டிகள் வந்தன, போயின. தினமும் வேலைக்கு வந்தாள். இசக்கியப்பன் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெனிட்டா பொங்கலுக்கு வந்து, தங்கி, பத்திரமாகத் திரும்பிப் போனாள். அவளை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது செலினுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எதிலிருந்து வருகிறது என்று தெரிந்ததால் அருவருப்பாகவும் இருந்தது.

அந்தச் சரக்கு விமானத்தை ஓட்டியவர் கேப்டன் ஜலீல். காயல்பட்டினத்துக்காரர். பயணிகள் விமானத்தில் பல வருடம் இருந்துவிட்டு, கூட்டமே வேண்டாம் என்று சரக்குக்கு மாறியவர். ஒலிபெருக்கியில் பேச வேண்டியதில்லை, பின்னால் இருக்கிற பெட்டிகள் ஏன் தாமதம் என்று கேட்பதில்லை, இதைவிட வேறென்ன வேண்டும் என்பார். துணை விமானி வினோலியா நாகர்கோவில் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. செலின் அனுப்புகிற பாகங்களில் பாதி அவர்கள் விமானத்தில்தான் போகும் என்பதால் இருவரும் அடிக்கடி அவள் அறைக்கு வருவார்கள்.

ஒருநாள் வினோலியா மட்டும் வந்தாள். அவளுடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. விமானி அறையில் கூடுதலாக ஓர் இருக்கை இருக்கிறதே, அதில் உட்காரவைத்து ஒருமுறை கொழும்பு வரை கூட்டிப்போய் வர கம்பெனி அனுமதி கொடுத்திருக்கிறது, பெட்டிகளின் எடை எந்த நாளில் குறைவாக இருக்கும் என்று சொன்னால் போதும் என்றாள்.

"வேண்டாம்மா. அப்பாவ இதுல கூட்டிட்டுப் போகாத," என்றாள் செலின்.

யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் மேடம் என்று வினோலியா சிரித்துக்கொண்டே கேட்டாள். எடை அதிகம், இந்த மாதம் முழுக்க அதிகம் என்று ஏதோ சொல்லி அவளை அனுப்பிவைத்தாள். கதவு மூடிய பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு முழுதாக உறைத்தது. ஒருமுறை ஏறியிருக்கக்கூடிய அப்பாவைத் தடுத்துவிட்டாள். நாளைக்குக் காலை கட்டாயம் ஏறப்போகிற மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஜலீல் விமானத்தைச் சுற்றிவந்து பார்த்துக்கொண்டிருந்தபோது செலின் நேராக அது நிற்கும் இடத்துக்குப் போனாள். இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. எந்தெந்தப் பாகங்கள் என்று மட்டும் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல, விமானத்தில் அவை இருக்கும் இடங்களைத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். முடிந்ததும், எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டார். பொங்கலுக்கு முன்பிருந்து என்றாள். அவர் தலையாட்டினார். படியேறிப் போய், உள்ளே தயாராகிக்கொண்டிருந்த வினோலியாவை அழைத்துக்கொண்டு இறங்கினார். அன்று அந்த விமானம் கிளம்பவில்லை.

வேலை போகும் என்று செலின் எதிர்பார்த்தாள். போகவில்லை. வரதன் தொலைபேசியில் பேசினார். கோபப்படவில்லை. விமானிகளுக்கு விவரம் தெரிந்த பிறகு அந்த விமானத்தைப் பறக்கவிட முடியாது, நிறுத்திவைத்து, பாகங்களைக் கழற்றிப் பொதுக் கையிருப்புக்கே எடுத்துக்கொள்கிறோம் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, சமன் மறுபடியும் கணக்குப் போடும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சரக்கு விமானம் இல்லாததால் பெட்டிகள் இப்போது லாரியில் வந்தன. முதலில் வந்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்த விமான எண்ணை இசக்கியப்பன்தான் பார்த்தார். அது தீவுகளுக்குப் போய்வரும் சின்ன விமானம். நாற்பது பேர் உட்காரலாம். கொச்சி ஆஸ்பத்திரிகளுக்கு வரும் நோயாளிகளும், பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளும் அதில்தான் வருவார்கள். பொதுக் கையிருப்பில் உள்ள பயணிகள் விமானங்களிலேயே மிகச் சிறியது. அதன் பாதையும் முழுக்கக் கடல்மேல்தான்.

பெட்டியைச் செலின் ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டினாள். அடுத்த பெட்டி அவள் தளத்துக்கு வரவே இல்லை. வேறு தளத்துக்குப் போய், அங்கே பொருத்தப்பட்டது. இசக்கியப்பனுக்கு அங்கே ஒரு நண்பர் இருந்தார். அவர் மூலம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. தீவு விமானத்துக்குப் பிரேக் போனது. வால்வு போனது.

செலின் வரதனிடம் கெஞ்சினாள். அந்தச் சிறிய விமானத்தையும் நிறுத்தினால் என்ன என்று கேட்டாள். அப்படிச் செய்தால் தீவுகளுக்கு ஆம்புலன்ஸ் கிடையாது, அதோடு சமன் அடுத்த விமானத்துக்குப் போகும், அது எண்பது இருக்கை என்றார். விமானப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விதிக்குப் புறம்பான ஒரே ஒரு பாகத்தையாவது காட்டச் சொன்னார்கள். அவளால் காட்ட முடியவில்லை. அப்படி எதுவும் இல்லை.

இரண்டு பேரைக் காப்பாற்றப்போய் நாற்பது பேரை அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டோம் என்ற நினைப்பு அவளை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். ஞாயிறு பூசைக்குப் போய், பாதியில் வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் வாசலில் ஜலீல் காத்துக்கொண்டிருந்தார். காயல்பட்டினத்திலிருந்து அவளைத் தேடி வந்திருந்தார். தீவு விமானத்தை ஓட்டுகிறவர்களில் ஒருவர் அவரோடு சேர்ந்து பயிற்சிபெற்றவராம். அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று செலின் கேட்டாள். சொல்லப்போனேன், சொல்லவில்லை என்றார். சொன்னால் அவர் இறங்கிவிடுவார். அப்புறம் அது எண்பதுக்குப் போகும். எண்பதில் ஒருவர் இறங்கினால் நூற்றைம்பதுக்குப் போகும்.

இருவரும் கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். ரொம்ப தூரம் போன பிறகுதான் அவர் வந்த காரியத்தைச் சொன்னார்.

"என் வண்டிய முன்ன இருந்த மாதிரியே ஆக்கிக் குடுங்க, செலினம்மா. எடுத்த மோசமான சாமானையெல்லாம் திரும்பக் கொண்டாந்து போடுங்க. நான் ஓட்டுறேன்."

"என்ன கேப்டன் சொல்லுதீங்க?"

"சரக்குக்கு ஒத்தை பைலட் போதும்னு சட்டம் இருக்கு. கம்பெனிதான் ரெண்டு பேரப் போட்டிருக்கு. அந்தப் புள்ளைய வேற வண்டிக்கு மாத்திரட்டும். நான் மட்டும் போறேன்."

செலின் நின்றுவிட்டாள். அவர் வீட்டில் தெரியுமா என்றுதான் கேட்க முடிந்தது. தெரியும் என்றார். ஏன் நீங்கள் என்று அவர் மனைவி கேட்டாராம். வேறு யாரு என்று அவர் திருப்பிக் கேட்டாராம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் அவரோடு பேசவே இல்லை.

"பெரிய தியாகம்னுல்லாம் நெனச்சிராதீங்க. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தீவு வண்டி விழுந்துச்சுன்னா அதுக்கப்புறம் நான் எப்படி இருப்பேன்னு யோசிச்சுப் பாத்தேன். அது இதவிடப் பயமா இருக்கு. தெரியாம ஏத்திவிட்டாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. தெரிஞ்சு ஏறுறது என் இஷ்டம்."

வரதன் ஒத்துக்கொள்ள ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அவர் அழுததாகக்கூட இசக்கியப்பன் கேள்விப்பட்டார். செலின் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் அவள் வாழ்க்கையிலேயே மோசமான வேலை. அதை அவள் மிக நன்றாகச் செய்தாள். தீவு விமானத்திலிருந்து பிரேக்கைக் கழற்றி வரவழைத்தாள். வால்வை வரவழைத்தாள். எங்கெங்கோ சிதறிக்கிடந்த பலவீனமான பாகங்களையெல்லாம் எந்த லாரியில், எந்தக் கப்பலில் கொண்டுவந்தால் சீக்கிரம் வரும் என்று பார்த்துப் பார்த்து ஒரே இடத்தில் சேர்த்தாள். ஒன்று தாமதமானால் அந்தத் தாமதம் முழுக்க நாற்பது பேர் அதோடு பறக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஓட்டுநர்களிடம் சண்டை போட்டாள், சுங்க அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். இசக்கியப்பன் தன் கையாலேயே எல்லாவற்றையும் பொருத்தினார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

ஜலீல் பறக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு முறை அவர் திரும்பி வரும்போதும் செலின் ஏதாவது சாக்கில் ஹேங்கர் வாசலில் நிற்பாள். அவர் இறங்கி வந்து, இசக்கியப்பனிடம் எங்கே என்ன சத்தம் கேட்டது என்று சொல்வார். அவர் அதைச் சரிசெய்வார். வேறு எந்த விமானத்திலும் யாருக்கும் கேட்டிருக்காத சத்தங்கள் அவை. பங்குனி போய், சித்திரை வந்தது. ஒருவேளை சமன் தப்பாகக் கணித்திருக்கலாம் என்று மூன்று பேருமே நம்பத் தொடங்கியிருந்தார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வைகாசியில், வானம் துடைத்துவிட்டது போலிருந்த ஒரு பகலில், மாலேயிலிருந்து திரும்பும் வழியில் விமானத்தின் வால் இறக்கை அசையவில்லை. ஜலீல் கட்டுப்பாட்டு அறையிடம் அதைத் தெளிவாகச் சொன்னார். மேலே உயர்த்த முடியவில்லை என்றார். அந்தப் பக்கம் மீன்பிடிப் படகுகள் ஏதாவது இருக்கின்றனவா என்று கேட்டார். இல்லை என்றார்கள். நல்லது என்றார். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

செய்தி சின்னதாக வந்தது. சரக்கு விமானம் கடலில் விழுந்தது, விமானி பலி, நல்லவேளையாகப் பயணிகள் யாரும் இல்லை. அந்த நல்லவேளை என்ற வார்த்தையைத்தான் செலினால் தாங்க முடியவில்லை.

காயல்பட்டினத்துக்குப் போனாள். ஜலீலின் மனைவி கதீஜா வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, அவங்க உங்களைப் பார்க்க வேண்டாம் என்கிறார்கள், கோபமில்லை, முடியவில்லை என்றாள். செலின் அங்கிருந்து நேராக மதுரைக்கு பஸ் ஏறி, ஒரு பத்திரிகை அலுவலகத்தில் தெரிந்த நிருபரைப் பார்த்தாள். பம்பில் ஆரம்பித்து கடைசி வரை சொன்னாள். தன் பெயரைப் போடச் சொன்னாள். தான் அனுப்பியதையும் மறைக்க வேண்டாம் என்றாள்.

விமானங்கள் நின்றுவிடும் என்று அவள் நினைத்தாள். விமான நிலையங்களில் மக்கள் டிக்கெட்டைக் கிழித்துப் போடுவார்கள், சமனை நிறுத்தச் சொல்லிக் கூட்டம் கூடும் என்று நினைத்தாள்.

முதல் சில நாள்கள் அப்படித்தான் இருந்தது. தொலைக்காட்சியில் கத்தினார்கள். வரதனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போய், கேண்டீனில் அவளிடம் சொன்னதையே அங்கேயும் சொன்னார். அதை எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு பேச்சு மெதுவாகத் திரும்பியது. அப்படியானால் நாங்கள் பறந்த விமானங்களில் நல்ல பாகங்கள்தான் இருந்தனவா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றார்கள். இப்போது அந்தச் சரக்கு விமானம் விழுந்துவிட்டதே, இனிமேல் எங்கள் விமானத்தில் எது இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டார். பழையவை கடலோடு போனாலும் மற்ற பாகங்கள் தினமும் பலவீனமாகிக்கொண்டேதான் இருந்தன, அதனால் அந்தக் கேள்விதான் பரவியது.

புனேயிலிருந்து ரெனிட்டா பேசினாள். அம்மா செய்தது சரி என்றாள். பிறகு, கோடை விடுமுறைக்கு வரலாமா, அதற்குள் வேறு ஏற்பாடு ஆகிவிடுமா என்று கேட்டாள். செலின் ரயிலில் வரச் சொன்னாள். இரண்டு நாளாகுமே அம்மா என்றாள் ரெனிட்டா.

ஜலீலுக்கு விருது அறிவித்தார்கள். காயல்பட்டினத்தில் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பள்ளிக்கூடங்களில் அவருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். அது முடிந்த பிறகு ஏழு நிறுவனங்களும் சேர்ந்து அடுத்த சரக்கு விமானத்தை ஓட்டும் வேலைக்கு விளம்பரம் கொடுத்தன. அதில் எதையும் ஒளிக்கவில்லை. எல்லாம் பச்சையாக எழுதியிருந்தது.

வரதன் அவளைக் கூப்பிட்டபோது அவர் குரல் களைத்திருந்தது. "நான் மறைச்சு செஞ்சதை நீங்க வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தீங்க. அதுக்கு நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன். இனிமே யாரும் தெரியாம ஏற மாட்டாங்க. நேர்காணலுக்கு நீங்களும் வந்து உட்காரணும். எந்தப் பாகம் எங்கேருந்து, ஏன் வந்துச்சுன்னு முழுசாத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்."

செலின் ஒத்துக்கொண்டாள். வருகிறவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பயமுறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும் என்றுதான் போனாள். யாரும் ஏறவில்லை என்றால் வேறு வழி பார்த்துத்தானே ஆக வேண்டும் என்பது அவள் எண்ணம்.

சென்னையில் ஒரு ஹோட்டலின் மாடியில் நேர்காணல் நடந்தது. கூடத்தில் நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றிருந்தார்கள். ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறை போல அமைதியாக இருந்தது.

முதலில் வந்தவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர், மாரிச்சாமி. ராணுவத்தில் சரக்கு விமானம் ஓட்டி ஓய்வுபெற்றவர். நெற்றியில் திருநீறு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. செலின் அவரிடம் ஜலீலின் விமானத்தைப் பாகம் பாகமாகச் சொன்னாள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, அது கைவிட்டால் விமானம் என்ன செய்யும், அப்போது விமானிக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று எதையும் விடாமல் சொன்னாள். ஜலீல் கடைசியாகக் கேட்ட கேள்வியைச் சொன்னாள். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் இருந்ததைச் சொன்னாள்.

மாரிச்சாமி கவனமாகக் கேட்டார். சில இடங்களில் சந்தேகம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். அவர் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் அதோடு வேறொன்றும் இருந்தது. அது நன்றி என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

"இருபத்தஞ்சு வருசம் பறந்திருக்கேன் மேடம். எந்த வண்டியப் பத்தியும் யாரும் எங்கிட்ட இவ்வளவு உண்மையாச் சொன்னதில்ல. நீங்க சொன்னதுக்கப்புறம்தான் மனசுக்குத் தெளிவா இருக்கு. எனக்குச் சம்மதம்."

செலின் வரதனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர்கூட எழுந்து போனதாகத் தெரியவில்லை.

எப்போது வந்து சேர வேண்டும் என்று மாரிச்சாமி கேட்டார்.

வரதனுக்குத் தெரியவில்லை. அவர் செலின் பக்கம் திரும்பினார். புதிய சரக்கு விமானம் கொழும்பில் நின்றது. பிரேக்குகள் மஸ்கட்டில் இருந்தன, வால் தண்டு கொச்சியில், மீதிப் பாகங்கள் அவள் ஸ்டோரிலேயே இருந்தன. கப்பலில் வந்தால் தாமதமாகும், லாரியும் விமானமுமாக மாற்றி மாற்றி அனுப்பினால் ஆடி பிறப்பதற்குள் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். இந்த அறைக்குள் வருவதற்கு முன்பே, படியேறும்போதே, தான் இதையெல்லாம் மனத்துக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஆடி ஒண்ணாம் தேதி வந்துருங்க," என்றாள்.